மகரந்தத்தில் மறைந்த இயக்குநீர்

ஸ்டீராய்டு என்றவுடன் விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்தும், விலங்குகளின் பாலியக்குநீர்களுமே பலர் நினைவுக்கு வரும். வேரூன்றி நிற்கும் செடிக்கும் ஸ்டீராய்டு உண்டு.

1970ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில், மிட்செல் என்பவரும் அவர்தம் குழுவினரும் கடுகுக் குடும்பத்தைச் சார்ந்த ரேப் செடியின் மகரந்தத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். பீன்ஸ் நாற்றில் அதனை இட்டபோது தண்டு விரைந்து நீண்டது. அச்சாற்றில் இருந்த பொருள் யாதென அறிய மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. தேனீக்கள் திரட்டிய ஏறத்தாழ 227 கிலோகிராம் மகரந்தத்தைப் பகுத்துப் பகுத்துச் சென்றதில், இறுதியில் எஞ்சியது 4 மில்லிகிராம் மட்டுமே! எக்ஸ் கதிர் ஆய்வு அதனை ஸ்டீராய்டு என உறுதிப்படுத்தியது. அது பிராசினோலைடு எனப் பெயர் பெற்றது.

ஆயினும், இதனை இயக்குநீர் என ஏற்க அறிஞர் பலர் தயங்கினர். வெளியிலிருந்து இட்டால் வளர்ச்சி மிகுவது வேறு. செடி தன் வாழ்வுக்கே அதனை நம்பியிருப்பது வேறு. அத்தயக்கம் நியாயமானதே.

1996இல் அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடி இதற்கு விடை தந்தது. இப்பொருளை ஆக்க இயலாத சடுதிமாற்றச் செடிகள் குள்ளமாயின. அவற்றுள் ஒருவகை ஆண்மலடாகவும் இருந்தது. அதன் மகரந்தத்தூள் முளைக்கும்போது குழல் நீளவில்லை. குழல் நீளாவிடில் ஆண்பாலணு சூலைச் சென்றடைய வழியில்லை. எனவே கருவுறுதலும் இல்லை, விதையும் இல்லை. 2010இல் வெளியான ஆய்வு இன்னும் பின்னோக்கிச் சென்றது. குறை மகரந்தப்பையிலேயே தொடங்குகிறது. அங்கு உருவாகும் தூள்களின் எண்ணிக்கை குறைகிறது, வெளியுறையும் செவ்வனே அமைவதில்லை என அது காட்டியது. மகரந்தத்தில் கண்டெடுக்கப்பட்ட பொருள் மகரந்தத்திற்கு என்ன செய்கிறது என்பது இவ்வாறு பல்லாண்டுகளுக்குப் பின்னரே விளங்கியது.

வியப்பூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. மனித உடலில் டெஸ்டோஸ்டிரோனை மாற்றியமைக்கும் நொதியின் மரபணுவை அத்தகைய குள்ளச்செடி ஒன்றில் செலுத்தியபோது, அதன் வளர்ச்சி மீண்டது. செடியில் பழுதுற்றிருந்த நொதியும் அதே வகையைச் சார்ந்ததே.

மக்காச்சோளத்தின் கதை வேறு. அதன் உச்சியில் ஆண்பூக்களும், தண்டின் இடையே கதிர்களில் பெண்பூக்களும் தோன்றுவது இயல்பு. அதே வகை நொதி பழுதுற்ற குட்டைச் சோளச்செடியிலோ, ஆண்பூக்கள் இருக்க வேண்டிய உச்சிக்கொத்தில் சூலகங்கள் முளைக்கின்றன.