லேத் மேசை: மரமா, இரும்பா, காங்கிரீட்டா?

வீட்டுப் பட்டறைக்கு லேத் வாங்குகிறவர்கள் அதை எதன்மேல் வைப்பது என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். எடையைத் தாங்கினால் போதாதா என்று தோன்றும். 7 அங்குல மினி லேத் ஏறக்குறைய 40 கிலோதான். சாப்பாட்டு மேசைகூடத் தாங்கிவிடும். ஆனால் மேசை முறுகினால், அதில் போல்ட் போட்டு இறுக்கிய லேத்தின் பெட்டும் சேர்ந்து முறுகும். பிறகு நேராகக் கடைந்த தண்டும் ஒரு முனை பருத்து டேப்பராகவே வரும். எனவே எந்த மேசையானாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: முறுகாமல் நிற்குமா? அதிர்வை அடக்குமா?

மரம்

செலவு குறைவு, கைக்கருவிகளே போதும், அதிர்வையும் நன்றாக அடக்கும். குறை ஈரப்பதம்தான். மழைக்காலத்தில் ஊதி, கோடையில் சுருங்குவதால், ஐப்பசியில் பார்த்த மட்டம் சித்திரையில் இருக்காது. மேற்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டிப் போடுங்கள். அதில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் அசைவு குறைவு. மரம் கடையும் லேத்துக்கு இது தாராளம். இரும்பு கடையும் மினி லேத்துக்கும் பரவாயில்லை, அடிக்கடி மட்டம் பார்த்தால்.

இரும்பு

50 × 50 மி.மீ., 3 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாயில் சட்டம் அடித்தால் ஈரத்தால் அளவு மாறாது. வீடு மாறும்போது லேத்தைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை எடுத்துப் போகலாம். ஆனால் வெற்றுக் குழாய் மணிபோல் அதிரும், அந்த அதிர்வு ஜாப்பின்மேல் அலைக்கோடாக விழும். நன்றாகக் காய்ந்த மணலைக் குழாய்க்குள் நிரப்பி மூடிவிட்டால் அது அடங்கும். கால்களுக்கிடையே மூலைவாட்டில் தாங்கு கட்டாயம் வேண்டும். வெல்டிங் சூட்டில் சட்டம் கோணும். அதனால் எல்லா மூலைகளிலும் முதலில் பொட்டு வைத்து, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று அளந்த பிறகே முழுதாகப் பற்றவையுங்கள்.

காங்கிரீட்

இரண்டு செங்கல் சுவர்களின்மேல் 1200 × 600 மி.மீ. அளவில், 75 மி.மீ. கனத்தில், கம்பி கட்டி வார்த்த பலகை மட்டுமே 130 கிலோ வரும். அதிர்வை அடக்குவதில் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகாது. போல்ட்டுகளை வார்க்கும்போதே பதித்துவிடலாம். குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் காத்து, 28 நாள் கழித்து லேத்தை ஏற்றுங்கள். ஒருமுறை கட்டினால் நகர்த்த முடியாது. சொந்த வீட்டின் தரைத்தளத்துக்கு மட்டுமே சரி.

எதைத் தேர்வது?

வாடகை வீடு, மாடி அறை என்றால் மணல் நிரப்பிய இரும்புச் சட்டம். சொந்த இடத்தில் 100 கிலோவுக்கு மேற்பட்ட லேத் என்றால் காங்கிரீட். மர லேத்துக்கும் சிறு பட்ஜெட்டுக்கும் மரம். எது என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இரும்பைத்தான்; பிழை இருந்தாலும் பின்னால் திருத்திக்கொள்ளலாம்.

உயரத்துக்கு ஒரே விதி: நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை நிற்கும் உயரத்தில் ஸ்பிண்டில் மையம் இருக்க வேண்டும். குனிந்து கடைந்தால் இடுப்பு தாங்காது.

மேசை எதுவானாலும் போல்ட்டை முறுக்குவதற்கு முன் லேத்தின் காலடியில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெல்லிய தகடு வையுங்கள். பிறகு 25 மி.மீ. கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக்கால் முட்டுக் கொடுக்காமல், வெளியே நீளும் 100 மி.மீ. நீளத்தின் இரு முனைகளையும் மெல்லிசாகக் கடைந்து மைக்ரோமீட்டரால் அளவெடுங்கள். அளவு மாறினால் டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு காலின் தகட்டைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி கடையுங்கள். இரண்டு அளவும் ஒன்றான பிறகே மேசை வேலை முடிந்தது என்று வையுங்கள்.