மீன் தொட்டித் தண்ணீர் ஏன் பச்சையாகிறது?



வண்ண மீன் வளர்க்கும் குழுக்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எங்களிடம் முதலில் வரும் கேள்வி இதுதான்: "தண்ணி பச்சைப் பசேல்னு ஆயிடுதுங்க. மாத்தி மாத்திப் பாக்குறோம். ஒரே வாரத்துல திரும்பவும் அதே மாதிரி ஆயிடுது." வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே கவலைதான். இந்த மாதப் பாடத்தில் இதற்கான காரணத்தையும் வழியையும் தெரிந்துகொள்வோம்.

முதலில் ஒரு கணக்கு

6 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள சிமெண்ட் தொட்டி. ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 1,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 67 குடம்! தண்ணீர் பச்சையாகும்போதெல்லாம் மொத்தத்தையும் இறைத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினால், வலிப்பது நம் இடுப்புதான். அப்படிச் செய்தும் பச்சை போவதில்லை. ஏன்?

பச்சை எங்கிருந்து வருகிறது?

அது அழுக்கு அல்ல, உயிர். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் தண்ணீரில் மிதக்கின்றன. பயிருக்கு வெயிலும் உரமும் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பாசிக்கும் அதேதான். வெயில் மேலிருந்து கிடைக்கிறது. உரத்தை நாம்தான் போடுகிறோம்! மீன் தின்னாமல் விட்ட தீவனம் அடியில் அழுகுகிறது. மீனின் கழிவும் சேர்கிறது. அதுதான் பாசிக்கு உரம்.

தண்ணீரை மட்டும் மாற்றினால், சுவரிலும் ஈரத்திலும் ஒட்டியிருக்கும் கொஞ்சம் பாசி போதும், மீண்டும் பெருகிவிடும். வெயிலும் அதே வெயில், தீவனமும் அதே தீவனம். போதாததற்கு, தொட்டியைத் தேய்த்துக் கழுவும்போது மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் நல்ல பாக்டீரியாக்களும் போய்விடுகின்றன. ஆக, பச்சையைக் கொட்டினால் போகாது. அதன் சாப்பாட்டை நிறுத்தினால்தான் போகும்.

எப்போது ஆபத்து?

இலேசான பச்சையால் மீனுக்குக் கெடுதல் இல்லை. அடர் பச்சைதான் ஆபத்து. பகலில் வெயிலில் பாசி பிராணவாயுவை வெளிவிடும். இரவில் மீனோடு போட்டி போட்டு அதை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் தண்ணீரில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது அபாய அறிகுறி. கடன் வாங்கித் தொட்டி கட்டியிருக்கிறோம். விற்கிற பருவத்து மீன் ஒரே இரவில் செத்து மிதந்தால் அந்த மாதத் தவணையை எதை வைத்துக் கட்டுவது?

அப்படிக் கண்டால் உடனே காற்று மோட்டாரைப் போடுங்கள். கரண்ட் இல்லையா? சொம்பால் தொட்டித் தண்ணீரையே மொண்டு, உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அன்று முழுவதும் தீவனம் வேண்டாம்.

கை வைத்துப் பாருங்கள்

சிமெண்ட் தொட்டியில் முழங்கை வரை கையை விடுங்கள். உள்ளங்கை தெரிந்தால் பயமில்லை. தெரியவில்லை என்றால் பாசி அதிகம். கண்ணாடித் தொட்டிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெரிய வேண்டும். தண்ணீர் பச்சையாக இல்லாமல் பால் போல வெளுத்திருந்தால் அது பாசி அல்ல, பாக்டீரியா. புதுத் தொட்டியிலும் தீவனம் அதிகமான தொட்டியிலும் இப்படி வரும்.

செய்ய வேண்டியவை

1. தீவனத்தைக் குறையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் தின்று தீர்க்கும் அளவு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். மிஞ்சியதை வலையால் எடுத்துவிடுங்கள்.

2. நிழல் கொடுங்கள். தொட்டிக்கு மேல் தென்னங்கீற்றோ நிழல்வலையோ போடுங்கள். கண்ணாடித் தொட்டியை ஜன்னல் வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். விளக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம்.

3. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும், அடியில் உள்ள கசடோடு சேர்த்துக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். நம் கணக்கில் 17 குடம்தான்! பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் என்றால் அகலப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள்.

4. பஞ்சு வடிகட்டியைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

5. வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளை வளருங்கள். நுண்பாசிக்குப் போகும் உரத்தை அவை எடுத்துக்கொள்ளும்.

பொறுமை வேண்டும். இன்று செய்தால் நாளைக்கே தெளியாது. வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெளியும்.

செய்யக் கூடாதது

மயில்துத்தம் போட்டால் பச்சை போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் மீன் செத்துவிடும். பாசி மொத்தமாகச் செத்து அழுகினாலும் பிராணவாயு குறைந்துவிடும். வேண்டாத மீனையும் செடியையும் ஏரி, குளத்தில் விடவும் கூடாது. அவை அங்கே பெருகி நாட்டு மீனைக் கெடுக்கும்.

பச்சைத் தண்ணீரும் வீணில்லை

வெளியேற்றும் தண்ணீர் கீரைப் பாத்திக்கும் முருங்கைக்கும் நல்ல உரம். ஒரு சிறு தொட்டியில் பச்சைத் தண்ணீரைத் தனியாக வைத்து, அதில் டாப்னியா என்ற நீர்ப்பூச்சியை வளர்க்கலாம். அது பாசியைத் தின்று பெருகும். கப்பி, மோலி போன்ற மீன்களுக்கு அதுவே சத்தான உயிர்த்தீவனம்.

குழுவாக வளர்க்கிறோமா?

குழுத் தொட்டிகளில் நாங்கள் அதிகம் பார்த்த காரணம் ஒன்று உண்டு. காலையில் ஒருத்தர் தீவனம் போடுகிறார். அது தெரியாமல் "பாவம், பசிக்குமே" என்று அடுத்தவரும் போடுகிறார். பாசம் அதிகமாகித் தண்ணீர் பச்சையாகிறது! யார் மேலும் தப்பில்லை, எழுதி வைக்காததுதான் குறை. சேமிப்புக்கும் கடனுக்கும் நோட்டு வைத்திருக்கும் நமக்குத் தீவனத்துக்கு ஒரு நோட்டு வைப்பது பெரிய வேலையா? தேதி, நேரம், எத்தனை ஸ்பூன், போட்டவர் பெயர் ஆகிய நான்கும் போதும். எழுதத் தெரியாதவர் ஒரு கோடு கிழித்தால் போதும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

• நம் தொட்டியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை தீவனம் விழுகிறது? யார் யார் போடுகிறோம்?
• எந்தத் தொட்டிக்கு மதிய வெயில் நேராகப் படுகிறது? கீற்று போட யார் பொறுப்பு?
• விடியற்காலையில் மீனைப் பார்ப்பது யார் முறை?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துக் கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தெரிந்ததா என்று அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் மற்றக் குழுக்களுக்கும் சொல்லுங்கள்.