நிறம் போனால் நீர் சுத்தமாகிவிடுமா?

டைட்டானியம் டை ஆக்சைடு, சுவர்ப் பூச்சுக்கு வெண்மை தரும் தூள். அதன்மேல் புற ஊதா ஒளி பட்டதும் உள்ளிருக்கும் ஓர் எலக்ட்ரான் மேல் ஆற்றல் மட்டத்துக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற இடம் நேர்மின் துளையாக நிற்கிறது. அந்தத் துளை நீரிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்குகிறது. தாவிய எலக்ட்ரானைக் கரைந்துள்ள ஆக்சிஜன் ஏற்றுக்கொள்கிறது. ஹைட்ராக்சில், குளோரினையும் ஓசோனையும்விட வலிய ஆக்சிஜனேற்றி. பெரும்பாலான கரிமச் சேர்மங்களை அது படிப்படியாக உடைக்கும். முடிவில் கார்பன் டை ஆக்சைடும் நீரும் சில தாது உப்புகளும் எஞ்சும். 1972இல் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் இந்தப் பொருளாலான மின்முனையில் ஒளி பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டினர். 1977இல் ஃபிராங்க், பார்டு இருவரும் இதைக்கொண்டு நீரிலிருந்த சயனைடைச் சிதைத்தனர். ஒளிவினையூக்கி என்ற பெயர் அதன்பின் பரவியது. அதோடு சில தவறான நம்பிக்கைகளும் பரவின.

நம்பிக்கை: தூளைக் கலந்து வெயிலில் வைத்தால் போதும்.

வெயில் இலவசம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி இந்தத் தூளுக்குப் பயன்படாது. டைட்டானியம் டை ஆக்சைடின் அனட்டேஸ் வடிவத்தில் எலக்ட்ரானைத் தாவவைக்க 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதாவது ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் அத்தகைய ஒளி சுமார் 5 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. கிடைத்த ஒளியிலும் கணிசமான பங்கு வீணாகிறது. தாவிய எலக்ட்ரான்களில் பல, வேலை எதுவும் செய்யாமல் துளையிலேயே திரும்ப விழுந்துவிடுகின்றன. கலங்கல் நீரானால் ஒளி உள்ளே போவதே கடினம். கட்புலன் ஒளியிலும் இயங்கும்படி நைட்ரஜன் கலந்த டைட்டானியம் டை ஆக்சைடு, கார்பன் நைட்ரைடு முதலியவை உருவாக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஆய்வகக் குடுவையில் கிடைத்த வேகம் ஆலைத் தொட்டியிலும் அப்படியே கிடைத்துவிடாது. ஸ்பெயினின் அல்மேரியா சூரிய ஆய்வுத் தளத்தில் வளைந்த கண்ணாடிகளுக்கு நடுவே ஒளிபுகும் குழாய்களைப் பொருத்தி, அவற்றில் நீரைச் சுற்றவிட்டு ஆராய்ந்தது இந்தத் தடைகளைச் சமாளிக்கத்தான்.

நம்பிக்கை: நிறம் மறைந்தால் நஞ்சும் மறைந்தது.

இவற்றுள் மிக ஆபத்தானது இதுவே. ஏனெனில் நீலச் சாயக் கரைசல் தெளிவதைப் பார்த்த கண் அதற்குமேல் கேள்வி கேட்பதில்லை. சாய மூலக்கூறில் நிறம் தருவது ஒரு சிறு பகுதி மட்டுமே. அந்தப் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். மிச்சம் நீரிலேயே கிடக்கும். பருத்திக்கு ஏற்றப்படும் ரியாக்டிவ் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகை. அசோ பிணைப்பு பிளந்தால் அரோமாட்டிக் அமீன்கள் உருவாகலாம். அவற்றுள் சில புற்றுநோய் உண்டாக்குபவை. ஆய்வுகளில் அடிக்கடி பயன்படும் மெத்திலீன் நீலம் இன்னும் ஏமாற்றும். ஆக்சிஜன் குறைந்தால் அது சிதையாமலேயே நிறமற்ற வடிவுக்கு மாறும். காற்றுபடக் குலுக்கினால் நீலம் திரும்பிவிடும். ஆகவே சோதிக்க வேண்டியது நிறத்தை அல்ல, நீரில் எஞ்சியிருக்கும் மொத்தக் கரிமக் கார்பனை. அது குறையாத வரை சிதைவு முடிந்ததாகக் கொள்ள முடியாது.

நம்பிக்கை: எந்த மாசையும் இது அழிக்கும்.

தனிமங்களை எந்த வேதிவினையும் அழிக்காது. ஆறு இணைதிறன் குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவுக்கு மாற்றலாம். ஆர்சனிக்கை எளிதில் பிடித்து நீக்கக்கூடிய வடிவுக்குக் கொண்டுவரலாம். பிறகு வடித்தோ உறிஞ்சியோ எடுத்தாக வேண்டும். ஃபுளோரைடும் கரைந்த உப்பும் அப்படியே இருக்கும்.

திருப்பூர்ச் சாயக்கழிவில் இது பெரிய சிக்கல். துணியில் சாயம் ஏற உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். நொய்யல் ஆற்றங்கரை வயல்களைப் பாழாக்கியதில் அந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபின், ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு முறையே கட்டாயமாக நிலைத்தது. எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் அங்கே உப்பைப் பிரிக்கின்றன. ஒளிவினையூக்கி அந்த வேலையைச் செய்யாது. அதுமட்டுமல்ல, குளோரைடு அயனிகள் ஹைட்ராக்சிலை விழுங்கிவிடுவதால் உப்புநீரில் அதன் வேகமும் குறையும்.

நம்பிக்கை: வினையூக்கி தீராது, ஒருமுறை போட்டால் போதும்.

வினையில் அது செலவாவதில்லை என்பது சரி. ஆனால் அதன் பரப்பில் அழுக்கும் சிதைவுப் பொருள்களும் படிந்தால் செயல் மங்கும். அவ்வப்போது கழுவியோ சூடாக்கியோ மீட்க வேண்டும். நானோ அளவுத் தூளை நீரிலிருந்து வடிகட்டி எடுப்பது தனிச் செலவு. கண்ணாடியிலோ பீங்கானிலோ ஒட்டவைத்தால் வடிகட்டும் வேலை மிச்சம். ஆனால் நீரைத் தொடும் பரப்பு சுருங்குவதால் வேகம் குறையும்.

உயிரியல் சுத்திகரிப்புக்குப் பின்னும் சிறிய அளவில் தங்கிவிடும் மருந்து, பூச்சிக்கொல்லி எச்சங்களே இந்த முறைக்குப் பொருத்தமான இலக்கு. நீர் தெளிவாக, உப்பு குறைவாக, மாசு சிறிதாக இருக்கும்போது ஹைட்ராக்சில் அந்த எச்சங்களைச் சிதைக்கிறது.