உருவம் பெரிதா, கடி பெரிதா?

கல்முனைக் கரையில் பிறந்த நமக்குச் சுறா என்றதும் வறைதான் முதலில் நினைவுக்கு வரும். அதற்கடுத்தது பயம். படங்களில் வாய் பிளந்து வரும் பெரு வெண்சுறாவைப் பார்த்து வளர்ந்ததால், கடிப்பதில் அதுவே முதலிடம் என்று என் வகுப்புத் தோழியர் பலரும் சொல்வர். உண்மையில் எது பலசாலி என்று அறிய, பெரு வெண்சுறாவையும் காளைச் சுறாவையும் நான் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பெரு வெண்சுறா ஏறக்குறைய 6 மீற்றர் வரை வளரும். குளிர்ந்த கடல்களில்தான் இதை அதிகம் காணலாம். காளைச் சுறா பொதுவாக மூன்றரை மீற்றரைத் தாண்டாது. வெப்பக் கடல்களில் கரையோரமாகத் திரியும், கங்கை போன்ற ஆறுகளிலும் நுழையும். இரண்டிலும் பெண்ணே ஆணைவிடப் பெரியது.

இனிக் கடிக்கு வருவோம். 2008ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், 2.4 மீற்றர் நீளமான ஒரு வெண்சுறாவின் தலையைக் கணினியில் மாதிரியாக்கினர். அதிலிருந்து, 6.4 மீற்றர் நீளமான வெண்சுறா தாடையின் பின்பகுதியில் 18,216 நியூற்றன் விசையுடன் கடிக்கும் என மதிப்பிட்டனர். முன்பற்களில் அது 9,320 நியூற்றன். 2012இல் வெளியான இன்னோர் ஆய்வின்படி, 2.85 மீற்றர் நீளமான காளைச் சுறாவின் கடி பின்னால் 5,914 நியூற்றன், முன்னால் 2,128 நியூற்றன். மனிதரின் கடைவாய்ப்பல் ஏறத்தாழ 700 நியூற்றன் தரும்.

இரண்டிலும் பின்பகுதியின் கடியே வலியது. காரணம் வெற்றிலைத் தட்டத்திலேயே இருக்கிறது. பாக்குவெட்டியின் நுனியில் பாக்கை வைத்தால் வெட்டுவது சிரமம், மூட்டுக்கு அருகே வைத்தால் இலகு. சுமை பொறுதியை நெருங்கினால் அதே எத்தனம் கூடிய விசையைத் தரும்.

மொத்த விசையில் வெண்சுறாதான் முந்துகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் அளவு வேறு. தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ நீளத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 6.4ஐ 2.85ஆல் வகுத்து வர்க்கித்தால் ஏறக்குறைய 5 வரும். 18,216ஐ 5ஆல் வகுத்தால் சுமார் 3,600. அதாவது, வெண்சுறாவைக் காளைச் சுறாவின் நீளத்துக்குச் சுருக்கினால் அதன் கடி 3,600 நியூற்றன் மட்டுமே. காளைச் சுறாவிடம் இருப்பதோ 5,914! 2012ஆம் ஆண்டு ஆய்வும் 13 வகைக் கசியிழைய மீன்களை உடற்பருமனுக்கேற்ப ஒப்பிட்டு, காளைச் சுறாவுக்கே முதலிடம் கொடுத்தது. அதன் அகன்ற தலையும் அங்குள்ள தாடைத் தசைகளும் இதற்குக் கைகொடுக்கின்றன. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது கடலுக்கும் பொருந்தும்.

ஆனால் தோழியரே, இவ்வளவு வலிய தாடையாலும் வலையையும் தூண்டிலையும் வெல்ல முடியவில்லை. காளைச் சுறா பத்துப் பதினொரு மாதம் சுமந்து, ஒரு தடவைக்கு 13 குட்டிகளுக்கு மேல் ஈனுவது அரிது. அக்குட்டிகள் இனம் பெருக்கும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் செல்லும். இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களைப்போல இழப்பை விரைவில் ஈடுசெய்ய அதனால் இயலாது. இன்று இவ்விரண்டு இனங்களுமே உலகளவில் அழிவாபத்தை எதிர்நோக்குபவை.

நம் நாட்டில் சாட்டை போன்ற நீண்ட வாலுடைய சுறாக்களைப் பிடிப்பது 2012இலும், திமிங்கிலச் சுறாவையும் துடுப்பு நுனி வெளுத்த ஆழ்கடற் சுறாவையும் பிடிப்பது 2015இலும் தடைசெய்யப்பட்டன. காளைச் சுறா அந்தப் பட்டியலில் இல்லை. நம் வாப்பாமாரும் காக்காமாரும் கடலை நம்பி வாழ்பவர்கள். அவர்களைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. கரைக்கு வரும் சுறா எந்த இனம், குட்டியா, சினைப்பட்டதா என்று கேட்டறியும் பழக்கம் நம் வீடுகளில் தொடங்கினால், நாளைய பிள்ளைகளுக்கும் கடலில் சுறா மிஞ்சும், சட்டியில் வறையும் மிஞ்சும்.