ஹோம் லோன் வேலைக்குப் போறீங்களா? லைசென்ஸும் மூணு கணக்கும்

ஃபைனல் இயர்ல கோர் கம்பெனிக்காகக் காத்திருக்கும்போது நம்ம போனுக்கு வர்ற விளம்பரங்கள்ல ஒண்ணு இது: "யு.எஸ். மார்ட்கேஜ் ப்ராசஸ், நைட் ஷிஃப்ட், கேப் உண்டு." இன்னொண்ணு, பேங்க்ல ஹோம் லோன் சேல்ஸ். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிற நம்ம சீனியர்கள் பலர் இந்த ரெண்டு வேலையிலயும் இருக்காங்க. கூடவே ஒரு கேள்வியும் வருது: இதுக்கு லைசென்ஸ் தேர்வு எழுதணுமா? "பணம் கட்டுங்க, மார்ட்கேஜ் லைசென்ஸ் வாங்கித் தர்றோம்"னு யாராவது சொன்னா, கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

லைசென்ஸ் யாருக்கு?

2008-ல் அமெரிக்க வீட்டுக் கடன் சந்தை சரிஞ்ச வருஷமே 'சேஃப்' சட்டம் வந்தது. கடன் விண்ணப்பம் வாங்குறவர், வட்டி விகிதம் பேசுறவர், இவங்களுக்குத்தான் லைசென்ஸ். குறைந்தது 20 மணி நேரப் பாடம், தேசியத் தேர்வில் 75 சதவீதம், அதோட பின்னணிச் சோதனை, கிரெடிட் ரிப்போர்ட். தோத்தா 30 நாள் காத்திருக்கணும். மூணாவது தடவையும் தோத்தா 180 நாள். லைசென்ஸைக் கொடுக்கிறது அங்கே உள்ள ஒவ்வொரு மாநில அரசும். பேங்க் ஊழியர்களுக்குப் பதிவு மட்டும் போதும், இந்தத் தேர்வு கிடையாது.

சென்னையில் உட்கார்ந்து சம்பள ஆவணம், வரி ஆவணம் சரிபார்க்கிற பேக் ஆபீஸ் வேலை வேற. விண்ணப்பதாரரிடம் வட்டி பேசுறது அந்த வேலையில்ல. அதனால "லைசென்ஸ்"னு யாராவது சொன்னா, "எந்த மாநிலத்தோடது?"னு கேளுங்க.

இந்தியாவில் ஹோம் லோன் விற்கிறவருக்கு இப்படி ஒரு தேசிய லைசென்ஸ் தேர்வு இல்லை. ஆனா அந்த வேலையைச் சுத்தித் தேர்வுகள் உண்டு. கடன் வசூல் முகவரா போறதுக்கு ஐ.ஐ.பி.எஃப் நடத்துற டி.ஆர்.ஏ சான்றிதழ் வேணும். 2008 ஏப்ரல் மாத ஆர்.பி.ஐ சுற்றறிக்கை, 100 மணி நேரப் பயிற்சியோட இதைக் கொண்டுவரச் சொன்னது. கடனோட இன்ஷூரன்ஸும் விற்கணும்னா அதுக்குத் தனித் தேர்வு. ஜே.ஏ.ஐ.ஐ.பி பேங்க்ல சேர்ந்த பிறகு எழுதுறது.

எந்தத் தேர்வா இருந்தாலும், எந்த இன்டர்வியூவா இருந்தாலும், அடிப்படை இந்த மூணு கணக்குதான்.

கணக்கு 1: எல்.டி.வி

சொத்து மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்பதுதான் எல்.டி.வி. ஆர்.பி.ஐ உச்சவரம்பு: 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90%, 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதுக்கு மேல 75%.

பூந்தமல்லியில் 50 லட்சத்துக்கு ஒரு பழைய வீடுன்னு வச்சுக்குவோம். அதிகபட்சக் கடன் 40 லட்சம். மீதி 10 லட்சம் கைக்காசு. அதோட முடியல. பத்திரமும் 50 லட்சத்துக்கே பதிவானா, முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 4.5 லட்சம். பொதுவா இது கடனில் சேராது. கையில் 14.5 லட்சம் வேணும். இதை முதல் நாளே சொல்லாத ஏஜென்ட்டை நம்பி அட்வான்ஸ் கொடுத்த குடும்பம், பிறகு நகையை அடகு வைக்கும்.

கணக்கு 2: இ.எம்.ஐ

க = கடன், வ = மாத வட்டி, மா = மாதங்கள் என்றால்:

இ.எம்.ஐ = க × வ × (1+வ)^மா ÷ [(1+வ)^மா − 1]

40 லட்சம், 8.5%, 20 வருஷம். வ = 0.085 ÷ 12. விடை சுமார் ₹34,713. முதல் மாதம் வட்டி மட்டுமே ₹28,333. அசலில் கழியறது ₹6,380. அசலின் பங்கு வட்டியை முந்துறது 12-ஆவது வருஷத்தின் கடைசியில்தான். மொத்தம் கட்டுறது சுமார் 83.3 லட்சம். முதல் சில வருஷங்களில் கொஞ்சம் கூடுதலா கட்டினா ஏன் இவ்வளவு பலன் என்பது இப்போ புரியும். தனிநபரின் ஃப்ளோட்டிங் வட்டி ஹோம் லோனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது என்பதையும் நினைவில் வைங்க.

கணக்கு 3: வருமானம் தாங்குமா?

சம்பளத்தில் எவ்வளவு பங்கு இ.எம்.ஐ-களுக்குப் போகலாம்னு ஒவ்வொரு பேங்கும் ஒரு வரம்பு வைக்கும். நம்ம உதாரணத்துக்கு 50%. சம்பளம் 60,000, ஏற்கெனவே பைக் இ.எம்.ஐ 4,000. மீதி தாங்கக்கூடியது 26,000. மேலே சொன்ன வட்டிக்கு ஒரு லட்சத்துக்கு இ.எம்.ஐ ₹868. ஆக, சுமார் 30 லட்சம்தான் கிடைக்கும்.

சொத்து 40-ன்னு சொல்லுது, சம்பளம் 30-ன்னு சொல்லுது. ரெண்டில் எது குறைவோ அதுதான் கடன். தேர்வில் மாணவர்கள் வழுக்குற இடம் இதுதான். அமெரிக்க ப்ராசஸ்லயும் இதே தர்க்கம்தான். அங்கே மாதத் தவணையோட சொத்து வரியும் இன்ஷூரன்ஸும் சேரும்.

பத்திரம் ஏன் பேங்க்ல இருக்கு?

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 58(எஃப்). உரிமைப் பத்திரத்தை ஒப்படைச்சு அடமானம் வைக்கிற முறை. இந்த முறைக்கான ஊர்களா சட்டமே பேர் சொல்லும் மூணு நகரங்களில் மெட்ராஸும் ஒண்ணு. கடன் முழுசா அடைஞ்ச 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தரணும். பேங்க் தரப்பில் தாமதமானா நாளுக்கு ₹5,000 இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது ஆர்.பி.ஐ விதி. தவணை 90 நாள் தாண்டி நின்னா கணக்கு வாராக்கடன் ஆகும். அதன் பிறகு 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும்.

பயிற்சி

வீட்டில் ஹோம் லோன் இருந்தா அப்பா, அம்மாகிட்ட ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்குங்க. வட்டி, மீதி அசல், மீதி மாதம் மூணையும் எடுத்து எக்செல்ல போட்டு, பேங்க் எடுக்கிற தவணையோட பொருந்துதான்னு பாருங்க. அப்புறம் அந்த வீட்டோட வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பாருங்க. இந்த ரெண்டையும் ஒரு தடவை செஞ்சுட்டா இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும். அதைவிட முக்கியம், நாளைக்கு உங்க முன்னாடி உட்காரப் போற குடும்பத்துக்கு எதைக் கட்டாயம் சொல்லணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.