தோடி காந்தாரம் டேப்லெட்டில் ஆடுமா?

‘டேப்லெட்ல பாட்டெல்லாம் போடலாம் சார், ஆனா கமகம் வராது.’ பெரம்பலூரில் கீபோர்டு வகுப்பு வாசலில் காத்திருக்கும் பெற்றோரும் இதைச் சொல்கிறார்கள். ஜெயங்கொண்டம் பக்கம் திருவிழா மேடைக்குப் பின்னால் ரிதம் பேடு இறக்கிக்கொண்டிருக்கும் ஆட்களும் இதையே சொல்கிறார்கள். சொல்பவர்களில் பாதிப் பேர் மிடி செயலியைத் திறந்தே பார்த்ததில்லை. மீதிப் பேர் திறந்து, திரையில் தெரிந்த பியானோவை நாலு தட்டுத் தட்டி, ‘நம்ம சங்கீதத்துக்கு இது ஆகாது’ என்று தீர்ப்பெழுதி மூடிவைத்தவர்கள். இந்தத் தீர்ப்பை நம்பி, பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளையின் கையிலிருந்து டேப்லெட்டைப் பிடுங்கி பீரோவில் வைக்கும் வீடுகளும் உண்டு.

வராது என்பது பொய்.

மிடி என்பது 1983-இல் வந்த ஒரு ஏற்பாடு. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுடாரோ ககேஹாஷியும் அதற்கு முன்னின்றவர்கள். வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்தப் பேச்சில் ஒலி கிடையாது, கட்டளை மட்டுமே உண்டு: எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது விடுவது. அவற்றோடு சேர்ந்தே வருவது ‘பிட்ச் பெண்ட்’, அதாவது ஒலிக்கிற சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் கட்டளை. இதற்கு 16,384 படிகள். வழக்கமான வீச்சு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். ஆக, ஓர் அரைச்சுரத்துக்கு 4,096 படிகள். இருபத்திரண்டு சுருதி இதில் அடங்காது என்று கையை விரிக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தோடியையே எடுத்துக்கொள்வோம், வம்புக்கு இழுப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். தோடியின் சாதாரண காந்தாரம் நின்ற இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடும். இந்த அசைவுதான் கமகம். அந்தக் காந்தாரத்திலிருந்து இரண்டு அரைச்சுரம் இறங்கினால் சுத்த ரிஷபம், இரண்டு ஏறினால் சுத்த மத்தியமம். மிடியின் வழக்கமான வீச்சும் அவ்வளவேதான். ஒரு அமைப்பைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கியூபேசிஸ் போன்ற செயலியில் காந்தாரத்தை ஒரு நீளக் கட்டையாகப் போட்டு, அதற்குக் கீழே பிட்ச் பெண்ட் பட்டையைத் திறந்து, விரலாலேயே வளைவு வரையலாம். ஐபேடில் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்டிலும் கீபோர்டை ‘பிட்ச்’ நிலைக்கு மாற்றினால், விரலை இழுக்க இழுக்கச் சுரம் வளையும்.

ஆனால் ஏற்ற இறக்கத்தை ஒரே சீராக வரைந்தால் ஆம்புலன்ஸ் சைரன்தான் கேட்கும். மேலே எவ்வளவு நேரம் தங்குவது, இறக்கத்தில் எங்கே வழுக்குவது என்பதெல்லாம் நல்ல நாகஸ்வரத்தைப் பல தடவை கேட்ட காதுக்குத்தான் தெரியும். கமகம் வராதது செயலிக்கு அல்ல, வரைகிறவருக்கு. கமகத்தைக் குறியால் எழுதிக்காட்டுவது நமக்குப் புதிதுமல்ல. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் ஒவ்வொரு வகைக் கமகத்துக்கும் தனித்தனிக் குறி இருக்கிறது. தாளில் எழுதினால் சாஸ்திரம், திரையில் வரைந்தால் அபச்சாரமா?

வதந்திக்குள் ஒரு கால்வாசி உண்மை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் வளைக்கும். அடியில் ‘ஸ-ப’ பிடித்துக்கொண்டு மேலே காந்தாரத்தை ஆட்டினால் மூன்றும் சேர்ந்து ஆடும், சகிக்காது. சுருதியை ஒரு டிராக்கிலும் மெட்டை இன்னொரு டிராக்கிலும், வெவ்வேறு சேனலில் போட்டால் தொல்லை தீர்ந்தது. இருப்பவை 16 சேனல்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் ஒதுக்கும் எம்.பி.இ. என்ற முறையும் 2018-இல் அதிகாரபூர்வமாகவே வந்துவிட்டது. ஜியோஷ்ரெட் செயலியை வைத்துக்கொண்டு ஐபேடில் கர்நாடக இசை வாசிக்கும் மகேஷ் ராகவனைக் கேட்ட பிறகும் ‘வராது’ என்று சொல்பவரிடம் பேசிப் பயனில்லை.

‘இளையராஜா இதையெல்லாம் தொடவே மாட்டார்’ என்பது அடுத்த கதை. 2025 ஜூலை 27 அன்று, ஆடித் திருவாதிரை விழாவுக்காக அவர் கங்கைகொண்ட சோழபுரத்துக்கே வந்து கச்சேரி செய்ததிலிருந்து அரியலூர் மாவட்டத்தில் இந்தப் பேச்சு கூடிவிட்டது. அவர் தாளில் கையால் எழுதுபவர், சரி. 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ இசையில், சுரக் கட்டளைகளைப் பதிந்து தானாக வாசிக்கும் சீக்குவென்சரைப் பயன்படுத்தியவரும் அவரேதான்.

மற்றவற்றுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். மேற்கத்திய ஸ்டாஃப் குறியீடு தெரிந்தாக வேண்டுமா? வேண்டாம், பியானோ ரோலில் கட்டை நீளமானால் சுரம் நீளம், அவ்வளவுதான். ஸரிகம தெரிந்த பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஐபேடுதான் வாங்க வேண்டுமா? ஆண்ட்ராய்டு 2015 முதலே மிடியை ஏற்கிறது, வீட்டில் யு.எஸ்.பி. உள்ள பழைய கீபோர்டு இருந்தால் ஓ.டி.ஜி. கேபிள் போட்டு மாட்டிப் பார்க்கலாம். மிடி ஃபைலை இறக்கினால் எஸ்.பி.பி. குரல் கேட்குமா? கேட்காது, அதில் குரலும் இல்லை, ஒலியும் இல்லை. புளூடூத் இயர்போன் போதுமா? பாட்டுக் கேட்கப் போதும், வாசிக்கப் போதாது. தட்டியதற்கும் கேட்பதற்கும் இடையே நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தாமதம் வரும், தாளம் தறிகெடும். ஒயர் உள்ளதை வாங்குங்கள்.

மிடி மீது உண்மையாகவே வைக்க வேண்டிய குறை ஒன்று உண்டு, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 1991-இல் வகுத்த ‘ஜெனரல் மிடி’ பட்டியலில் 128 வாத்தியங்கள். சிதார் இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது, ஜப்பானின் கோட்டோகூட இருக்கிறது. நாகஸ்வரம் இல்லை. தாள வாத்திய வரிசையில் தவிலோ பறையோ இல்லை. அதனால்தான் திருமழபாடிக் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுக் கட்டும் பையன் ஷெனாயை வைத்து நாகஸ்வரம் என்று ஒப்பேற்றுகிறான்.

இதைச் சரிசெய்ய வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டாம். பெரம்பலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. இத்தகைய பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் முறையான பாடங்கள். அங்கே வாசிப்பவர்களின் ஒலியை நாமே பதிந்துகொள்ளலாம்; சத்தமில்லாத ஓர் அறை, டேப்லெட், சுமாரான மைக் இருந்தால் போதும். தவிலை எடுத்துக்கொள்வோம். வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் சொற்களைத் தனித்தனியாக, தொப்பியில் கழி விழுவதைத் தனியாகப் பதிய வேண்டும். ஒவ்வொன்றையும் மெல்ல, நடுத்தரம், ஓங்கி என மூன்று அழுத்தத்தில் எடுக்க வேண்டும். மிடி அழுத்தத்தை 127 வரை எண்ணுவதால் இந்த வேறுபாடு கட்டாயம் தேவை. பிறகு முன்னும் பின்னும் உள்ள மௌனத்தை வெட்டிவிட்டு, பதிந்த ஒலிகளை வாத்தியமாக்கும் சாம்ப்ளர் செயலியில் ஒரு சொல்லுக்கு ஒரு கட்டை என்று பொருத்த வேண்டும். ரீவெர்ப் சேர்க்காமல் பதியுங்கள், அதைப் பிறகு சேர்க்கலாம், நீக்க முடியாது.