தராசு எண் ஏன் ஆடுகிறது?

தட்டில் ஒன்றுமில்லை, ஆனாலும் திரையில் 3 கிராம், 11 கிராம், பிறகு 2 கிராம் என எண் ஓடுகிறதா? ஜாசின், அலோர் காஜா பக்கம் கட்டிப்பாலை நிறுத்து வீட்டுக் கணக்கு எழுதத் தராசு செய்தவருக்கு இது காசு விஷயம். (விற்பனைக்கு அது செல்லாது, 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டப்படி வணிகத் தராசுக்கு முத்திரை வேண்டும்.)

5 கிலோ லோட் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையில் கிடைப்பது சுமார் 5 மில்லிவோல்ட். அதாவது 1 கிராமுக்கு 1 மைக்ரோவோல்ட்! மலிவான சார்ஜரின் இரைச்சலே இதைவிடப் பெரிது.

முதலில், எச்எக்ஸ் 711 பலகையில் செல்லின் இரு சமிக்ஞைக் கம்பிகளையும் (பெரும்பாலும் பச்சை, வெள்ளை) ஒன்றோடொன்று தொடவிடுங்கள். எண் இன்னும் ஆடினால் கோளாறு பலகையிலோ மின்சாரத்திலோதான். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், ஈயப்பற்றையும் சோதியுங்கள்.

எண் நின்றுவிட்டால், செல்லையும் அதைப் பொருத்திய விதத்தையும் பாருங்கள். அலுமினியக் கட்டையின் ஒரு முனை அடிப்பலகையில் இறுகியிருக்க, மறுமுனை தட்டைத் தாங்கி அந்தரத்தில் நிற்க வேண்டும். இடையில் வாஷர் வைக்காவிட்டால் கட்டை பலகையில் உரசும். மின்விசிறியையும் நிறுத்துங்கள், அதை மறப்பவர்கள்தாம் அதிகம்.

எண் குதிக்காமல் மெல்ல நகர்ந்தால், அது பெரும்பாலும் வெப்பத்தின் வேலை. சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு பூஜ்யம் வையுங்கள்.